ஓரம் ஒதுங்கும் காபி

இனிமேல் சாப்பாட்டு மேசையைத் துடைப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பியவனுக்குக்கூட அவ்வளவு வியர்த்திருக்காது.

சமையல் அவள், மேசை நான். இது எங்கள் வீட்டுச் சட்டம். ஞாயிறு மதியத் தூக்கத்துக்கும் எனக்கும் குறுக்கே எப்போதும் அந்த ஈரத்துணி நிற்கும்.

எனக்குத் தொழில், திரவச் சொட்டுகள் எப்படிக் காய்கின்றன என்று ஆராய்வது. "சொட்டு காயறதைப் பார்க்கவா சம்பளம்?" என்று பெண் பார்க்கப் போன அன்று மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. அந்தத் தொழிலையே கேடயமாகப் பிடிப்பது என்பதுதான் திட்டம்.

"என்னங்க, மேசையில காபி சிந்தியிருக்கு," என்றாள் மனைவி.

"சிந்தலை. வச்சிருக்கேன். ஆராய்ச்சி. யாரும் துடைக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"சொட்டுக்கு ஏது லீவு?"

அவள் சண்டைக்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஓரம் மட்டும் ஏன் கறுப்பா வருது?"

"சொட்டோட ஓரம் மேசையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். அங்கதான் சீக்கிரம் காயும். அதை ஈடுகட்ட நடுவுல இருக்கிற தண்ணி ஓரத்துக்கு ஓடும். போகும்போது காபித்தூளையும் இழுத்துட்டுப் போய் அங்க சேர்த்துடும்."

"நடுவுல இருக்க வேண்டியது ஓரமா ஒதுங்கிக்குது. வேலைன்னா நீங்க பண்ற மாதிரி."

"இது விஞ்ஞானம்மா."

"சரி. மேசையில எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா?"

கல்யாணமானதிலிருந்து என் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் உருப்படியான கேள்வி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் எனக்கு மூளை காலியாகிவிடும்.

"எல்லாம் கெட்டுது போ. வட்டம் கோணிக்கும். சொட்டு வைக்கிற இடம் சுத்தமோ சுத்தமா இருக்கணும்."

"லேப்ல யாரு துடைப்பா?"

"நானேதான். வேற ஒரு கை பட விடமாட்டேன்."

"அதானே, அடுத்தவங்க கையை நம்ப முடியுமா?" என்று சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

மேசையைத் துடைத்தேன். புதிதாக ஒரு சொட்டு வைத்தேன். வட்டம் அழகாக வந்தது.

"கண்ணாடியில இதே மாதிரி வருமா? எவர்சில்வர்ல? தரையில?"

நியாயமான கேள்விகள். இடம் மாறினால் வட்டமும் மாறும். விஞ்ஞானி எப்படி மறுப்பான்? அடுப்பைத் தேய்த்தேன். பீரோக் கண்ணாடியைத் துடைத்தேன். ஹாலில் மண்டி போட்டேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு. காய்ந்ததும், "பார்த்தாச்சா?" என்பாள். தலையாட்டுவேன். "அப்ப கறையை எடுத்துடுங்க. ஆராய்ச்சி பண்ற இடம் பாருங்க." என் மேலதிகாரிகூட இவ்வளவு கறார் இல்லை. மதியத் தூக்கம் சமையல் மேடைக் கறையோடு கரைந்து போனது.

சாயங்காலம் மைத்துனி வந்து நின்றாள். அவள் வருவது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"என்னக்கா, வீடு இப்படி மின்னுது? வேலைக்கு ஆள் வச்சிருக்கியா?"

"சேச்சே, உங்க அத்தானோட ஆராய்ச்சிடி," என்றாள் மனைவி பெருமையாக. "அடுத்த ஞாயிறு ஜன்னல்ல பண்றாராம்."

என் ஆராய்ச்சியின் அடுத்த கட்டம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.