பூந்தியும் காராசேவும் உள்ளேயா, வெளியேயா?

ஒரு காட்டில், அதுவும் மரத்தின் உச்சியில் ஏறி நின்றால் மட்டும் டவர் கிடைக்கும் ஒரு மலைக்காட்டில், சடையாண்டி என்றொரு கரடி தன் மனைவி வெள்ளையம்மாளோடு குகையில் குடித்தனம் நடத்தி வந்தது. வெள்ளையம்மாளும் கன்னங்கரேலென்ற கரடிதான். பெயர் வைத்தவர்களைப் போய் நாம் கேட்க முடியாது.

சுற்றுலா வந்த யாரோ தவறவிட்ட கைப்பேசி ஒன்று சடையாண்டியிடம் இருந்தது. அதில் ஒரு நாள் ஒரு வீடியோ பார்த்தது. வெளிநாட்டுக் கரடிகள் குளிர்காலம் வந்தால் குகைக்குள் போய்ப் படுத்து, பனி உருகும்வரை எழுந்திருப்பதே இல்லையாம். சடையாண்டிக்கு வயிறு எரிந்தது. நம்மூர்க் கரடிகளுக்கு அப்படி ஒரு வழக்கமே கிடையாது. மார்கழியானாலும் மாசியானாலும் எழுந்துபோய்க் கறையான் புற்றைத் தோண்டினால்தான் வயிறு நிறையும்.

"அதுவும் கரடி, நானும் கரடி. எனக்கு மட்டும் என்ன கேடு?" என்றது சடையாண்டி. அன்று முதல் தேனும் கறையானும் பலாப்பழமுமாகத் தின்று தீர்த்து, உடம்பைப் பீப்பாயாக்கிக்கொண்டது.

அந்தக் காட்டில் யார் எதைத் தொடங்கினாலும் விழா எடுத்துவிடுவார்கள். மார்கழி பிறந்ததும் சடையாண்டியின் தூக்கத்துக்கு வழியனுப்பு விழா நடந்தது. அணில் வரவேற்புரை ஆற்றியது. மந்தி பொன்னாடை போர்த்தியது. "வேலை செய்து பேர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். தூங்கப்போவதற்கு முன்பே பேர் வாங்கியவர் நம் அண்ணன்தான்!" என்று ஓநாய் பேசியபோது கைதட்டல் அடங்க நேரமானது. ஏற்புரையில் சடையாண்டி, "இனி என்னைப் பங்குனியில்தான் பார்ப்பீர்கள்" என்று சபதமே செய்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு கண்ணைத் திறந்துகொண்டு யார் கண்ணிலாவது பட்டால் மானம் கப்பலேறிவிடும்.

விழா முடிந்து வந்து, பொன்னாடையும் கழுத்துமாகச் சருகுப் படுக்கையில் சாய்ந்தது. படுக்கை சரசரத்தது. உடனே மூலையிலிருந்து, "வீக்! வீக்! வீக்!" என்று காது கிழிகிற சத்தம்.

சடையாண்டி வளர்க்கும் கினிப்பன்றிகள் அவை. ஒன்று பூந்தி, இன்னொன்று காராசேவு. பெயரில்தான் பன்றி, பார்வைக்கு வாலில்லாத கொழுத்த எலிகள். மலையடிவார விடுதியில் தங்கிய ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது கூண்டோடு விட்டுவிட்டுப் போனதை, சடையாண்டிதான் தூக்கி வந்து பிள்ளைபோல் வளர்த்தது. எங்கே எது சரசரத்தாலும் அவற்றுக்குப் புல் கட்டைப் பிரிக்கிற சத்தமாகத்தான் கேட்கும்.

சடையாண்டி இடப்பக்கம் புரண்டது. "வீக்! புல்லு வந்துருச்சு!" என்றது பூந்தி. வலப்பக்கம் புரண்டது. "வீக்! எனக்கு நெல்லிக்காயும் வேணும்!" என்றது காராசேவு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டைபோல் கிடந்து பார்த்தது. மூக்கில் ஒரு சருகு ஏறித் தும்மல் வந்துவிட்டது.

மறுநாள் கூண்டைத் தூக்கிக் குகைக்கு வெளியே வைத்தது. "மலைக்காத்து உடம்புக்கு நல்லது. நீங்க மலைநாட்டுப் பரம்பரையாம், வீடியோவுல சொன்னாங்க" என்றது.

"எங்க பாட்டன் பூட்டன் எந்த மலையில இருந்தாங்களோ தெரியாது. நாங்க கோயமுத்தூர்க் கடையில பொறந்தவங்க. எங்களுக்கு ஃபேன் காத்தே ஆகாது" என்றது காராசேவு.

அன்று உறைபனி விழுந்தது. சடையாண்டி உள்ளே புரண்டு படுத்தது. சருகு சரசரத்தது. வெளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேண்டுமென்றே இன்னொரு தரம் புரண்டது. அப்போதும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. கத்தக்கூடத் தெம்பில்லை. பூந்தியின் மூக்கு சில்லிட்டுக் கிடந்தது. சடையாண்டி இரண்டையும் தன் நெஞ்சு மயிருக்குள் பொதிந்துகொண்டு, "என் கண்ணுங்களா, பாவி நான்" என்று விசும்பியது.

உள்ளே வைத்தால் தன் தூக்கம் போகும். வெளியே வைத்தால் இவற்றின் உயிர் போகும். சடையாண்டி பொன்னாடையால் முக்காடு போட்டுக்கொண்டு கீரி டாக்டர் தில்லைநாயகத்தைப் பார்க்கப் போனது. அங்கே பெரிய வரிசை. டோக்கன் வாங்கிக்கொண்டு கடைசியில் போய்க் குனிந்து நின்றது. பொன்னாடைக்குள் இருக்கும் கரடியை அடையாளம் தெரியாமல் போக அது என்ன கொசுவா?

"அண்ணே, இன்னும் தூங்கலையா?" என்றது முன்னால் நின்ற முயல்.

"தூக்கத்துல நடக்கிறேன்" என்றது சடையாண்டி.

கீரி டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னது: "கினிப்பன்றியைக் குளிர்ல வெக்கக் கூடாது. வெயில்லயும் வெக்கக் கூடாது. காத்து நேரா அடிக்கக் கூடாது. காத்தே இல்லாமயும் இருக்கக் கூடாது. நெருப்புப் பக்கம் ஆகாது, ஈரம் ஆகாது. வெளிய வெச்சதைத் திடுதிப்புனு உள்ள கொண்டுபோகவும் கூடாது."

"அப்ப எங்கதானுங்க டாக்டர் வெக்கிறது?"

"அது உங்க சௌகரியம்" என்றது டாக்டர். "அடுத்த டோக்கன்!"

திரும்பி வரும் வழியில் காட்டுப்பூனை அங்கப்பன் எதிர்ப்பட்டது. விஷயத்தைக் கேட்டதும் அதன் கண் பளிச்சென்றது. "இதுக்குப் போய்க் கவலைப்படலாமாண்ணா? வெளியவே விடுங்க. ராத்திரி பூரா நான் கட்டிப்பிடிச்சுட்டுப் படுத்துக்கறேன். நீங்க போய்த் தூங்குங்க" என்றது.

தூக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சடையாண்டிக்குப் புத்தி மழுங்கிவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தது. வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டது. "ஏனுங்க, பூனைகிட்டயா குடுத்தீங்க? தூக்கம் வந்தா கண்ணுதான மூடும், உங்களுக்கு மூளையே மூடிப்போச்சா?"

சடையாண்டி அன்று பொட்டுக்கூடத் தூங்கவில்லை. விடிந்ததும் பதறிப்போய் வெளியே வந்தது. இந்த இடத்தில் கூண்டில் வெறும் மயிர்தான் கிடந்தது என்று நான் சொல்லவேண்டும் என்பதுதான் வழக்கம். ஆனால் கூண்டுக்குள் பூனை, பூந்தி, காராசேவு மூன்றும் ஒரே சுருளாகக் கிடந்தன. பூனையின் மீசையில் பனி உறைந்திருந்தது.

"திங்கத்தான் வந்தேன், மறைக்க மாட்டேன்" என்றது அங்கப்பன், பல் கிடுகிடுக்க. "ஆனா தின்னா ஒரு வேளைச் சூடு. கட்டிப்பிடிச்சா பங்குனி வரைக்கும் சூடு. கணக்குப் போட்டுப் பாத்துட்டேண்ணா. என்னையும் உள்ள சேத்துக்குங்க."

ஆக, கூண்டோடு பூனையும் உள்ளே வந்தது. நிலைமையைப் பார்வையிட வந்த கீரி டாக்டர், குகையின் கதகதப்பை ஆராய்ந்தபடியே சருகுப் படுக்கையில் கால் நீட்டிவிட்டது. எழுந்து போகும் உத்தேசம் தெரியவில்லை.

"எல்லாம் சரி. வாசல்ல இருந்து நேரா காத்து அடிக்குதே. ஒரு கதவு போட்டாத்தான் இதுங்க பிழைக்கும்" என்றது டாக்டர்.

"கதவுக்கு எங்க போறது?" என்றது சடையாண்டி.

வெள்ளையம்மாள் வாசலின் அகலத்தைப் பார்த்தது. பிறகு புருஷனின் அகலத்தைப் பார்த்தது.

"ஏனுங்க, அங்கபோய்ச் சித்த உக்காருங்க."

சடையாண்டி போய் வாசலில் உட்கார்ந்தது. தின்ற தேனும் பலாப்பழமும் வீண்போகவில்லை. அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தியது. முதுகுப் பக்கம் பனி, வயிற்றுப் பக்கம் குடும்பம். காற்று நின்றது. பூந்தியின் மூக்கில் சூடு ஏறியது. காராசேவு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே ஒரு துள்ளுத் துள்ளியது. அதைப் பார்த்ததும் சடையாண்டிக்கு மனசு நிறைந்துவிட்டது.

'என் தூக்கம் போனால் போகட்டும்' என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடியது. கல் வாசலில் சருகு ஏது? சரசரப்பில்லை. சரசரப்பில்லாததால் கத்தலில்லை. பூந்தி புல் கேட்கவில்லை, வெள்ளையம்மாள் தேன் கொண்டுவரச் சொல்லவில்லை. கதவிடம் யார் எதைக் கேட்பார்கள்? கொஞ்ச நேரத்தில் வாசல் குறட்டை விட்டது.

அதற்குப் பிறகு யாராவது வெளியே போகவேண்டுமானால், அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவார்கள். கதவு தூக்கத்திலேயே சிரித்துக்கொண்டு ஒருக்களிக்கும். போனவர் வந்ததும் மூடிக்கொள்ளும்.

பங்குனி பிறந்தது. சொன்ன சொல் காத்த சடையாண்டியை வரவேற்கக் காடே மாலையோடு திரண்டு வந்தது. ஆரவாரம் கேட்டு அது கண்ணைத் திறந்து, சோம்பல் முறித்து, தன் குகைக்குள் போகலாம் என்று எழுந்தது.

"வீக்! யாரது கதவைத் திறந்து போட்டது? காத்து வருது!" என்று உள்ளேயிருந்து ஐந்து குரல் ஒன்றாகக் கத்தியது. அதில் ஒன்று வெள்ளையம்மாளுடையது.

சடையாண்டி ஒரு கணம் யோசித்தது. உள்ளே வீடு, வெளியே விழா. இரண்டிலும் வேலை இருந்தது. மெதுவாக உட்கார்ந்து, பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மறுபடி கண்ணை மூடியது.

நீதி: வீட்டில் நிம்மதியாகத் தூங்கவேண்டுமா? தலைவனாக இருக்காதே, கதவாக இரு.