நாற்பத்தைந்து மில்லிமீட்டர்

"நாப்பத்தஞ்சு!" என்று அறிவித்தாள் மனைவி. "உங்க வட்டத்து நடுவுல இருந்து என் வட்டத்து நடுவுக்கு நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர். உங்க அக்காவுக்கு எவ்வளவு தெரியுமா? பன்னெண்டு!"

அவள் கையில் இருந்தது கணவனின் கடை ஸ்கேல். ஒருவருடைய ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் எவ்வளவு தூரம் என்று மூக்கின் மேல் வைத்துப் பார்க்கும் குட்டி ஸ்கேல். பதினெட்டு வருஷமாக அவர் ஊரார் மூக்கையெல்லாம் அதை வைத்து அளந்திருக்கிறார். அது ஒருநாள் தன் குடும்பத்தையே அளக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"உம்," என்றார் அவர்.

கண்ணாடிக் கடைக்காரர் என்பது தொழில். உம்கொட்டி என்பது தெரு வைத்த பெயர். கடையில் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பவர், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்போடு சேர்த்து வாயையும் வெளியே கழற்றி வைத்துவிடுவார். மனைவி பேசுவாள். கீழ்வீட்டில் குடியிருக்கும் அக்கா மேலே ஏறி வந்து பேசுவாள். இருவரும் சேர்ந்தால் கொதிக்கிற பால்கூடத் தன் முறைக்காகக் காத்திருக்கும். அவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் உம் கொட்டிக்கொண்டிருப்பார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு வயிற்றுவலி வந்தது. மாலை நான்கு மணிக்கு, கடிகாரம் பார்த்து வரும். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "வயித்துல ஒண்ணுமில்ல, யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க" என்று ஒரு மனநல ஆலோசகரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து புதன்கிழமை தவறாமல் போகிறார்.

அந்த ஆலோசகர் அம்மாளின் வைத்தியமே தனி. வயிற்றை மட்டும் பார்க்க மாட்டார். தூக்கம், சாப்பாடு, நடை, யாரோடு சேர்ந்து கடைசியாகச் சிரித்தீர்கள் என்பதுவரை கேட்பார். "உங்க வயிறு தனியா வலிக்கல சார், வீட்டோட சேர்ந்து வலிக்குது. மாத்திரை எல்லாம் அப்புறம், உறவுதான் மருந்து" என்பார். அதற்கும் அவர் உம் கொட்டுவார். ஆனால் அங்கே அந்த உம் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்று கேள்வி.

போன புதன்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். ஒரு வெள்ளைத்தாளில் நடுவே உங்களை ஒரு வட்டமாகப் போடுங்கள், உங்கள் வாழ்க்கையில் இருக்கிறவர்களைச் சுற்றிலும் வட்டங்களாகப் போடுங்கள், நெருக்கமானவர் கிட்டே, மற்றவர் எட்டே.

மனிதர் கடையில் உட்கார்ந்து சிரத்தையாக வரைந்தார். வட்டம் போடக் காம்பஸ் தேடவில்லை. சட்டைப் பொத்தானை வைத்துத் தன்னை வரைந்தார். கடையிலேயே பெரிய கண்ணாடி வில்லையை வைத்து மனைவியை வரைந்தார். கண்ணாடிச் சட்டத்தில் மூக்கின் மேல் உட்காரும் குட்டிப் பேடு ஒன்றை வைத்து அக்காவை வரைந்தார். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளை, தூரத்தில் இருக்கிறாளே என்று தாளின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். அவள் வட்டத்தில் பாதி தாளைத் தாண்டி மேசையில் விழுந்தது.

அந்தத் தாளைத்தான் மனைவி அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்திருந்தாள்.

"இல்ல... உன்னைப் பெரிசா வரைஞ்சேன். பெரிசா இருந்ததால கொஞ்சம் தள்ளிப் போடவேண்டியதாப் போச்சு," என்றார்.

"நான் பெரிசா இருக்கேன்னு சொல்றீங்க!"

கல்யாணமாகி இருபது ஆண்டில் அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது. பேசாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைக்குப் போய், புதுத்தாளில் மற்ற எல்லாரையும் பழையபடியே போட்டார். அதே பெரிய வில்லையை இந்த முறை தன் பொத்தானுக்கு மேலேயே வைத்து ஒரு சுற்று. இப்போது அவரே மனைவியின் வட்டத்துக்குள் முழுசாக இருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியதும் மனைவியின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் சரி. ஆமா, உள்ள என்ன ஒரு துக்கடா வட்டம்?"

"அக்கா."

"அண்ணி எதுக்கு என் வட்டத்துக்குள்ள?"

நியாயமான கேள்வி. பொத்தானை ஒட்டி இருந்த பேடும் வில்லைக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. அழித்துவிட்டு அக்காவைத் தாளின் மூலைக்குக் கொண்டுபோனார். மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள், வருகிற போகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

வருகிற போகிறவர் என்றால் அந்த வீட்டில் ஒருத்திதான். பதினோரு மணிக்கு அக்கா மேலே வந்தாள், ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுக்கப் போனாள், போனவள் அங்கேயே நின்றாள்.

"ஏம்மா, இது என்ன படம்?"

"உங்க தம்பி மனசு அண்ணி. ஆலோசகர் அம்மா வரையச் சொன்னாங்களாம்."

"அந்த மூலையில ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கே, அது யாரு?"

மனைவி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள்.

அக்கா நேராகக் கடைக்குப் போனாள். ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடி பாதி ஏறியிருந்த நேரம். "டேய், உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக் கொடுத்தவ நான். என்னை மூலையில கொண்டுபோய் வெச்சிருக்கியேடா!"

வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணால் இருவரையும் பார்த்தார். கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து, காலையில் அங்கே போட்டுவைத்த பழைய தாளை எடுத்து அக்கா கையில் திணித்தார். "இதுதாங்கா நிஜம். அது சும்மா. யாருக்கும் காட்டாத."

அக்கா பார்த்தாள். தம்பியின் வட்டத்தை ஒட்டிக்கொண்டு அவள் வட்டம் இருந்தது. கண் கலங்கியது. "ஆனா ஏண்டா இத்துனூண்டு வரைஞ்சிருக்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பத்திரம் எவ்வளவு நேரம் தாங்கியது என்றால், அவள் வீட்டுப் படியேறும்வரை. பன்னிரண்டு மணிக்குக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கீழே, "என் தம்பியின் உண்மையான மனசு." பன்னிரண்டு மூன்றுக்கு ஃபிரிட்ஜ் கதவின் படம் வந்தது. கீழே, "திருத்திய பதிப்பு."

பன்னிரண்டு பத்துக்கு மகளின் குரல் வந்தது. "அப்பா, ரெண்டு படத்தையும் பெரிசாக்கிப் பார்த்தேன். ரெண்டுலயும் நான் பாதிதான் இருக்கேன். மீதிப் பாதி எங்கப்பா? பேப்பர்லயே இடமில்ல, நான் லீவுக்கு வந்து எங்க தங்குறது?"

பெண் சும்மா சீண்டுகிறாளா, நிஜமாகவே கோபமா என்று அவருக்குப் புரியவில்லை. பதறிப்போய் மூன்றாவதாக ஒரு தாளில் எல்லாரையும் வரைந்து, அதன் பக்கத்தில் இன்னொரு தாளைப் பசை போட்டு ஒட்டி, மகளின் மீதிப் பாதியை அதில் வரைந்து, படமெடுத்து அனுப்பினார்.

"சூப்பர்ப்பா. என்னைப் பக்கத்துப் பேப்பருக்கே அனுப்பி வெச்சுட்டீங்க."

அத்தோடு வீட்டில் பேச்சு நின்றது.

அதுதான் உம்கொட்டி எதிர்பார்க்காத அடி. மனைவி மேலே, அக்கா கீழே, நடுவில் பதினேழு படிகள், படியில் ஈ காக்கை இல்லை. "பால் வாங்கிட்டியா?" இல்லை. "அந்த மூணாம் வீட்டுக்காரி செஞ்சதைப் பார்த்தியா?" இல்லை. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். உம் கொட்ட ஆளில்லை. இவ்வளவு காலமும் அந்த இரண்டு பேரின் சத்தத்துக்குள்தான் தான் குடியிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒருமுறை யாரும் கேட்காமலே "உம்" என்று சொல்லிப் பார்த்தார். சுவருக்கே பாவமாக இருந்திருக்கும். இது இப்படியே இறுகிப்போனால் என்ன செய்வது என்ற நினைப்பில், வயிற்றுவலி நான்கு மணிக்குக் காத்திராமல் காலை ஒன்பதுக்கே வர ஆரம்பித்தது.

புதன்கிழமை கிளம்பினார். வாசலில் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "நானும் வரேன். அந்த அம்மாவே அளந்து சொல்லட்டும்." கீழே இறங்கினால் அக்கா, கையில் பையோடு. "நானும் வரேன். அவங்களே பார்த்துச் சொல்லட்டும்." ஒரே வண்டியில் மூவரும் ஏறினார்கள். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு சன்னல் வழியாக ஊரைப் பார்த்தார்கள். பாதி வழியில் மனைவியின் கைபேசியில் மகள் முகம் தோன்றியது. "அம்மா, என்னையும் பிடிச்சுக்கிட்டே போங்க, நானும் பார்க்கணும்."

காத்திருக்கும் அறையில் நான்கு நாற்காலி, ஒரு மீன்தொட்டி. வரவேற்பு மேசையில் இருந்த பெண் புன்னகைத்தாள். "வீட்டுப்பாடம் கொண்டுவந்தீங்களா சார்? அம்மா முதல்ல பார்க்கணும்னாங்க."

கோப்பைத் திறந்தார். மனைவியும் அக்காவும் வழியில் தந்ததைச் சேர்த்து மூன்று படங்கள்.

"இதுல எது சார் உங்களோடது?"

"ஃபிரிட்ஜுல இருந்தது," என்றாள் மனைவி.

"என்கிட்ட இருந்தது," என்றாள் அக்கா.

"ரெண்டும் வேணாம்பா," என்றது கைபேசி.

மணி நான்கு. வயிறு சுருட்டிப் பிடித்தது. உம்கொட்டி நாற்காலியை விட்டு எழுந்தார். "சும்மா இருங்க எல்லாரும்!" என்றார். மீன்கள்கூடத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

"உன்னை எதால வரையறதுன்னு கடையையே புரட்டினேன்," என்றார் மனைவியிடம். "இருக்கிறதுலயே பெரிய வில்லை, இன்னும் யாருக்கும் வெட்டாதது, அதை எடுத்து வெச்சேன். தூரத்துல வெக்கல. அதுக்கு மேல கிட்ட வெச்சா என் பொத்தான் நசுங்கிடும். நசுங்கினாலும் பரவால்லன்னு ரெண்டாவது தடவை வெச்சுட்டேன். அக்கா, பேடு சிறுசுதான். ஆனா அது இல்லன்னா கண்ணாடியே மூக்குல நிக்காது. கண்ணாடிக்காரனுக்கு அதைவிடப் பெரிசு என்ன இருக்கு? நீங்க ரெண்டு பேரும் பேசாம இந்த ஆறு நாள் என்னால சாப்பிட முடியல. என்ன வேணா பேசுங்க, என்னைத் திட்டியே பேசுங்க, ஆனா பேசுங்க! அப்புறம், பாப்பா, நீ போனதுல இருந்து நான் எந்தப் பேப்பரை எடுத்தாலும் பாதிதான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

பதினோரு நிமிஷம் பேசினார். வரவேற்புப் பெண் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தாள்.

முதலில் சிரித்தது அக்கா. "இருபது வருஷத்துப் பேச்சையும் சேர்த்து வெச்சிருந்திருக்கான் பாரு!"

"எனக்கும் இப்பத்தான் தெரியுது அண்ணி, இவருக்கு இவ்வளவு வார்த்தை தெரியும்னு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் மனைவி. "உங்களுக்கு ஆறு நாள் விஷயம் பாக்கி இருக்கு. அந்த மூணாம் வீட்டுக்காரி என்ன பண்ணா தெரியுமா?"

"ஐயோ, அதைச் சொல்லத்தான்டி ராத்திரியெல்லாம் தவிச்சேன்!"

கைபேசியில் மகள் உரக்கக் கத்தினாள். "நான் சனிக்கிழமையே வரேன்! அந்தக் கதையை என்னை விட்டுட்டுச் சொல்லாதீங்க!"

வரவேற்புப் பெண் மூன்று தாள்களையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இங்கே பேச்சு அருவியாகக் கொட்டியது. அவர் நடுவில் உட்கார்ந்து வலது பக்கம் ஒரு உம், இடது பக்கம் ஒரு உம் என்று ஆனந்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தார். மணி நாலரை ஆகியிருந்தது. வயிறு இருக்கிற இடமே தெரியவில்லை.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து போயிற்று. உள்ளே கூப்பிடவில்லை.

கடைசியில் கதவு கொஞ்சமாகத் திறந்தது. வரவேற்புப் பெண் தலையை மட்டும் நீட்டி, மனைவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், நீங்க கொஞ்சம் உள்ள வந்து சமாதானம் பண்றீங்களா? நாலு மாசமா வாராவாரம் எதிர்லயே உட்கார்ந்திருக்கேன், மூணு படத்துல ஒண்ணுலகூட என்னைக் காணோமேன்னு எங்க ஆலோசகர் அம்மா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க!"