மைக்கில் வந்த கடல்

நல்ல புத்தகம் ஒன்றை அப்போதுதான் படித்து முடித்தவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்களால் சும்மா இருக்க முடியாது. அதை யார் தலையிலாவது கட்டினால்தான் தூக்கம் வரும். நான் அந்த வகையில் முற்றிய கேஸ். ஊசி போட வந்த நர்ஸிடம், அவர் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, "உங்க பொண்ணுக்கு என்ன வயசு? அவளுக்குன்னே ஒரு கதை இருக்கு" என்று ஆரம்பித்தவள். (ஊசி வழக்கத்தைவிட அதிகமாக வலித்தது. வேண்டுமென்றேதான் குத்தினார் என்று இன்றும் சந்தேகம்.)

கல்யாணமாகித் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துக்கு வந்தும் வியாதி போகவில்லை. ஊர்த் தலைவரைக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் சமுதாயக் கூடத்தை வாங்கி, பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு அறை ஆரம்பித்தேன்.

"படிக்கட்டும்மா, நல்லதுதான். ஆனா எதுனா ஏடாகூடம் ஆச்சு, சாவிய வாங்கிடுவேன்" என்றார் தலைவர்.

என்ன ஏடாகூடம் ஆகப் போகிறது, புத்தகம்தானே என்று நினைத்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், போனார்கள். நான் டாக்டர் மாதிரி வயதைக் கேட்டு, வகுப்பைக் கேட்டு, வீட்டில் சரியாகத் தூங்குகிறாயா என்றுகூடக் கேட்டுப் புத்தகம் கொடுப்பேன். அடுத்த வாரம் அது மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். எட்டாவது படிக்கும் ஷர்மிளாதான் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"கோச்சுக்காதக்கா. நீ குடுக்கறதுல எல்லாம் மொதல்ல மரம், வானம், காத்து. எப்பதான் எதுனா நடக்கும்? பேஜாரா கீது."

எனக்குச் சுருக்கென்றது. ரோஷத்தோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னிடமிருந்ததிலேயே விறுவிறுப்பான இளையோர் நாவலைக் கொண்டு போனேன். கடலோரக் கிராமத்துப் பெண் ஒருத்தி. அப்பா படகில் போயிருக்கிறார். பேரலை வருகிறது. முதல் அத்தியாயத்தில் மரமும் வானமும் இருந்ததால் அதைத் தாண்டி, நேராக அலை வரும் இடத்திலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அன்றைக்குக் கூட்டம் நிறைய. வெளியே கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவு, ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூலையில் ஊரின் மைக் செட் இருந்தது. உள்ளே ஒரு பெட்டி ஸ்பீக்கர். கூரைமேல் ஊரைப் பார்த்தும் கடலைப் பார்த்தும் குழாய் ஸ்பீக்கர்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று யாரையாவது கேட்டிருக்கலாம். நான் பட்டதாரி ஆயிற்றே, நானே அமுக்கினேன். (வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற பட்டதாரி.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் அந்தக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போட மாட்டார்கள். புயல் எச்சரிக்கை, கரை திரும்பாத படகு, சாவு, இவற்றுக்கு மட்டும்தான் அது வாய் திறக்கும். திறந்தால் ஊரே கை வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கும். எச்சரிக்கை எப்போதும் அரசாங்கத் தாளில் உள்ளபடி சுத்தமான எழுத்துத் தமிழில் வரும். அதாவது, நாவல் மாதிரியே வரும்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தேன்.

"கடல் உள்வாங்குகிறது. கரையோர மக்கள் அனைவரும் உடனே மேடான பகுதிக்குச் செல்லுங்கள்!"

இது கதையில் கலங்கரை விளக்கக் காவலர் சொல்வது. அவருக்கென்று ஒரு கனத்த குரலை முந்தின நாள் குளியலறையில் பழகி வைத்திருந்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. "இந்தப் பெண்ணின் அப்பா படகில் போயிருக்கிறார்!" என்ற அடுத்த வரியை இன்னும் கனமாக்கினேன். வெளியே தடதடவென்று சத்தம் கேட்டது. கதை கேட்கப் பெரியவர்களும் ஓடி வருகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஷர்மிளா ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, உங்க மாமியா கொழம்புச் சட்டியத் தூக்கிகினு ஓடறாங்க."

எழுந்து பார்த்தேன். தெரு முழுக்க ஓட்டம். ஒருவர் டிவியோடு, ஒருவர் கேஸ் சிலிண்டரோடு. கூட்டத்தின் நடுவே என் மாமியார், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பு ஒரு சொட்டுகூடச் சிந்தாமல். எல்லோரும் ஹைரோட்டுப் பக்கம் ஓட, ஒரே ஒரு பெண் மட்டும் தலைவிரி கோலமாகக் கடலைப் பார்த்து ஓடினாள். ஷர்மிளாவின் அம்மா கஸ்தூரி. அவள் வீட்டுக்காரர் விடியலில் படகெடுத்துப் போயிருந்தார்.

"எங்கம்மா ஏன் அங்க ஓடுது?" என்றாள் ஷர்மிளா.

கூரைமேல் குழாய் ஸ்பீக்கரும் பேசிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த ஊர் அது. பாய்ந்து மைக்கைப் பிடித்தேன். "யாரும் பயப்படாதீங்க! அமைதியா இருங்க!" என்று கத்தினேன். பெரிய ஆபத்து வரும்போதுதான் அதிகாரிகள் அப்படிச் சொல்வார்கள் என்று ஊருக்குத் தெரியும். அதுவரை ஓடாமல் நின்றவர்களும் ஓடினார்கள்.

ஷர்மிளாவும் நானும் மணலில் விழுந்தடித்து ஓடிக் கஸ்தூரியைப் பிடித்தபோது அவள் முழங்கால் தண்ணீரில் நின்று புருஷன் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தாள். கடல் சாதுவாகக் கிடந்தது. "கதைக்கா, வெறும் கதை" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தக் கடல் நிஜமாகவே என்னைக் கொண்டுபோயிருக்கலாம்.

துறைமுகத்தில் வேலையிலிருந்த என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"ஊரே ரோட்ல நிக்குதாமே? நீ எங்க கீற? இன்னா பண்ற?"

"கதை படிச்சேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

சாயங்காலம் பஞ்சாயத்து. யாருக்கும் அடிபடவில்லை, கஸ்தூரி புருஷனும் கரை சேர்ந்துவிட்டார். ஆனாலும் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. சாவியைத் தலைவர் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள்.

"ஊர மேட்டுக்குப் போவச் சொன்னது யாரு?" என்றார் தலைவர்.

"நான் இல்லீங்க. கலங்கரை விளக்கக் காவலர்."

"எங்க கீறாரு அந்தாளு? இட்டுகினு வா."

"புத்தகத்துல இருக்காருங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கஸ்தூரி பக்கம் திரும்பினார். "நீதாம்மா ரொம்பப் பதறிப் பூட்ட. நீயே சொல்லு, இந்த ரூமு வேணுமா, வேணாமா?"

கூடமே அவளைப் பார்த்தது. அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணோட அப்பா படகுல போனாருன்னு மைக்குல வந்துச்சே. அவுரு திரும்பி வந்தாரா?"

கதையின் முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. கட்டிய புருஷன் கேட்டே சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வந்துட்டாருக்கா. பத்திரமா வந்துட்டாரு."

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்டி வந்தாரு?"

"அதுக்குப் படிக்கணும்."

பின்னாலிருந்து மாமியாரின் குரல் வெடித்தது. "ஏம்மே, அத்த ஏன் இப்பவே சொல்லித் தொலச்ச? நான் கேக்க வேணாமா?"

அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது. தலைவர் சாவியை என் பக்கம் தள்ளினார். "படி. மைக்க மட்டும் தொட்டன்னு வை, அவ்ளோதான்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் அத்தியாயத்திலிருந்தே படித்தேன். மரம், வானம், காற்று எல்லாம் இருந்தது. ஷர்மிளாகூட முனகவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் எங்கள் வீட்டில் யார் என்ன சொல்ல வந்தாலும், "இது கதைதான், யாரும் ஓட வேணாம்" என்று முன்னுரை போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். போன மழைக்காலத்தில் நிஜமாகவே புயல் எச்சரிக்கை வந்தது. குழாய் ஸ்பீக்கரில் தலைவர் இருமிவிட்டு ஆரம்பித்தார்.

"ஊர் மக்களே, இது கத இல்ல. நெசமாவே சொல்றேன்."

மாமியார் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். வாசல் வரை போனவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொழம்ப நான் எட்த்துகினேன். நீ அந்தப் பாதி படிச்ச பொஸ்தகத்த எட்த்துக்கோ."