வெத்தலபாக்கு டீமேக்கர்

அழைப்பு என்ற ஒன்றை இந்த உலகத்தில் முழுசாக மதித்த ஒரே மனிதர் எங்கள் டீமேக்கர்தான். "வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமா?" என்று மற்றவர்கள் நக்கலுக்குக் கேட்பார்கள். அவரிடம் கேட்டால், "ஆமாங்க, வெத்தல கொஞ்சம் தளதளன்னு இருந்தா நல்லது" என்பார். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து தூளாகிற வரைக்கும் அவர் பொறுப்பு. தோட்டம் முழுக்க அவருக்கு வெத்தலபாக்கு டீமேக்கர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ஆபீஸ் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அந்த ஆபீஸில் நான் கிளாக்கர்.

ஒரு கலியாணத்துக்கு அவருக்கு அழைப்பிதழ் வந்தது, ஆள் வந்து அழைக்கவில்லை. ஐயா பட்டு வேட்டியோடு போய் மண்டபத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டார். இரண்டு பஸ்கள் அவருக்காக நின்று, ஹோர்ன் அடித்து, திட்டிவிட்டுப் போயின. தாலி கட்டப்போகிற நேரத்தில் பெண்ணின் அப்பா மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து "வாங்கய்யா, வாங்க" என்ற பிறகுதான் அவர் ரோட்டைக் கடந்தார். வீட்டிலும் அதே சட்டம். மனைவி தட்டை வைத்தால் போதாது, "சாப்பிட வாங்க" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒருநாள் அவருக்கும் அக்காவுக்கும் (அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சண்டை. அக்கா கூப்பிடவில்லை, ஐயா எழும்பவில்லை, சோறு ஆறிக் கல்லாகிவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரனான நான்தான் என் ஜன்னல் வழியாக "ஐயா, சாப்பிடப் போங்க" என்று கத்தினேன்.

இந்த வீம்புக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதைய துரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம், தேயிலை மாதிரி காட்ட, துரைமார் கிளப்புக்குள் நேரே போய்விட்டாராம். நாலு பேர் முன்னால் துரை, "ஒன்ன யாரு கூப்பிட்டா?" என்று கேட்டிருக்கிறார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், ஆனால் அது சிரிப்பு இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ரகசியச் சடங்குகளோடு கூடும் பிரீமேசன் சங்கத்தில் நான் சேர்ந்தேன். அவர்கள் கூடுகிற பழைய கல் கட்டடத்துக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் தலைவெட்டிக் கோயில். முதல் நாள் என் மனைவி திருநீறு பூசி அனுப்பினாள், திரும்பி வந்ததும் கழுத்தைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே நடந்ததை நான் சொல்லக் கூடாது, சத்தியம் செய்திருக்கிறேன். அட்டையைப் பற்றி மட்டும் சொல்லலாம், அட்டை சத்தியம் செய்யவில்லை. என் கண்ணைக் கட்டி, இடது காற்சட்டைக் காலை முழங்கால் வரை சுருட்டினார்கள். தேயிலை மலையைக் குறுக்கே கடந்து போனவன் நான். சுருட்டிய காலில் ரத்தம் குடித்துத் தடித்த அட்டை ஒன்று முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. கம்பீரமாக வாசித்துக்கொண்டிருந்த குரல் திடீரென நின்று, "ஆராவது உப்புக் கொண்டு வாங்கோ" என்றது.

அந்தக் குரல் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட அதிபர். சேர்ந்த கையோடு அவர் எனக்குச் சொன்ன விதி இதுதான்: "நாங்கள் ஒருத்தரையும் வாவெண்டு கூப்பிடுறேல்லை. சேர விருப்பமெண்டால் அவராத்தான் கேக்கோணும்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஏனென்றால் டீமேக்கருக்கு அங்கே வர அப்படி ஓர் ஆசை. எங்கள் துரையே அங்கே உறுப்பினர், உள்ளே எல்லாரும் சகோதரர் என்று எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். நான் கறுப்புப் பையோடு கிளம்பும்போதெல்லாம் வேலியோரம் வந்து நிற்பார்.

"என்னா கிளாக்கரே, கெளம்பிட்டீங்களா?"

"ஆமாங்கய்யா."

"தனியாத்தான் போறீங்களாக்கும்?"

"ஆமாங்கய்யா."

"எனக்கும் இன்னைக்கு வேல ஒன்னும் இல்ல."

நான் வானத்தைப் பார்ப்பேன். "மழ வரும் போல" என்பேன்.

இப்படியே மூன்று வருடம். அவர் அழைப்புக்காகக் காத்திருந்தார், நான் அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பக்தி அதிகம். விதியைப் பற்றி வாய் திறந்தாலே குற்றம் என்று நினைத்தேன். மாதாமாதம் எனக்கு அவர் அனுப்பும் நல்ல தூள், முதல் வருடம் சுமார் தூளாகி, மூன்றாம் வருடம் காம்பும் நாருமாகிவிட்டது. அதைக் குடித்த என் மனைவி, "அவர்கிட்ட என்னத்த செஞ்சு தொலச்சீங்க?" என்றாள். பிறகு அவர் வேலியோரம் வருவதும் நின்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதிபரிடம் போய்ப் புலம்பினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கூப்பிடத்தான் கூடாது. இப்பிடியொரு விதி இருக்கெண்டு சொல்லக்கூடாதெண்டு உமக்கு ஆர் சொன்னது? மூண்டு வருசமா வாயை மூடிக்கொண்டே இருந்தனீர்?"

ஓடிவந்து டீமேக்கரிடம் விதியைச் சொன்னேன். அவர் முகம் இன்னும் இறுகியது. "கூப்பிடாத எடத்துக்கு நானாப் போயி நிக்கிறதா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாங்க."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏங்க, என்னயப் பொண்ணு கேட்டு வந்தீங்களே, அப்ப ஒங்கள யாரு கூப்பிட்டா? எங்கப்பாவா தந்தி அடிச்சாரு?"

மறுநாள் காலை ஐயா என் வீட்டு வாசலில் பட்டு வேட்டியோடு நின்றார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய். எனக்குப் பெண்பிள்ளை கிடையாது, அதனால் என் மனைவி குழம்பிப்போனாள்.

"ஒங்க சங்கத்தக் கேட்டு வந்துருக்கேன்" என்றார், தரையைப் பார்த்தபடி. வாழ்க்கையில் அவர் வாய்விட்டுக் கேட்ட இரண்டாவது விஷயம் அது.

அவரைச் சேர்த்த அன்று கண்கட்டோடு நிற்க வைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். எவருடைய அழைப்பும் வற்புறுத்தலும் இல்லாமல், தானாக விரும்பி வந்தாரா என்பது கேள்வி. பதில் புத்தகத்தில் இருப்பது ஒரு சொல். அவர் சொன்னது புத்தகத்தில் இல்லாததால் நான் தாராளமாகச் சொல்லலாம்.

"மூணு வருசமா ஒருத்தரும் கூப்பிடலீங்க! இந்தா நிக்கிறாரே, இந்த மனுசன்கூட ஒரு வார்த்த கூப்பிடலீங்க!"

என்னைத்தான் சொன்னார். ஆனால் கண்கட்டோடு நீட்டிய விரல் நேரே எங்கள் துரையின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. முதலில் வெடித்துச் சிரித்தவர் துரைதான்.

அன்றைய விருந்தில் டீமேக்கர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். எங்கள் துரை சிங்களவர், தோட்டத்தில் "வா", "போ" என்று வேலை வாங்கும் அளவுக்குத்தான் அவருக்குத் தமிழ். அவர் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, யோசித்து யோசித்து, "டீமேக்கர், வாங்க. இங்க ஒக்காருங்க" என்றார். ஐயா போய் உட்கார்ந்தார். சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார், வெகுநேரம் குடிக்கவில்லை.

அப்புறம் மாதாமாதம் சங்கத்திலிருந்து, கூட்டத்துக்கு வரும்படி அவர் பெயர் போட்டுக் கடிதம் வந்தது. அதை மடிப்புக் கலையாமல் தொழிற்சாலைச் சுவரில் குத்தி வைத்தார். எனக்கு நல்ல தூளும் திரும்ப வந்தது.

இப்போது அவர் ஓய்வுபெற்று உடப்புசல்லாவையில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி, கூட்டத்துக்கு வர முடியாது. இன்று செயலாளர் நான். எல்லாருக்கும் அழைப்பை ஈமெயிலில் அனுப்புகிறேன். அவருக்கு மட்டும் கையால் எழுதி, உறைக்குள் ஒரு வெற்றிலையும் ஒரு துண்டுப் பாக்கும் வைத்துத் தபாலில் போடுகிறேன். போய்ச் சேரும்போது வெற்றிலை வாடித்தான் இருக்கும். மூன்று வருடம் வேலியோரம் நின்ற மனிதரை நான் கூப்பிடாமல் விட்டேன், இனி ஒரு மாதம்கூட அப்படி விட எனக்கு மனசு வராது.