கரும்புள்ளியாரும் மூன்றாவது இட்லித் தட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் இதுவரை செத்துப்போன எல்.இ.டி. பல்புகளில் முக்கால்வாசி, சாவதற்கு முன்னால் ஒருமுறை கரும்புள்ளியாரைப் பார்த்திருந்தால் இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கும். மங்கலாகத்தான் எரியும். ஆனால் எரியும்.

காமயகவுண்டன்பட்டியில் எனக்கு எதிர்வீடு அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் அவர் கரும்புள்ளியார்தான். செத்த பல்பைக் கொண்டுபோனால் அதன் வெள்ளை மூடியை நெம்பிக் கழற்றி, உள்ளே இருக்கும் மஞ்சள் பொட்டுகளில் எது நடுவில் கருத்திருக்கிறது என்று காட்டுவார். "இந்தா பாருங்க, கரும்புள்ளி" என்பார். நாமும் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவார். ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு லென்ஸ் கொடுப்பார். லென்ஸிலும் தெரியவில்லை என்று சொன்ன ஒருவரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பியதாகக் கேள்வி.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். மின்சாரப் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தைரியத்தில்தான் முதல்முறை ஒரு பல்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"எங்கன மாட்டியிருந்தீக?"

"ஹால்ல."

"சும்மாவா, மூடி போட்ட கிண்ணத்துக்குள்ளயா?"

"கண்ணாடிக் கிண்ணம். பாக்க அழகா இருக்குமேண்டு..."

"பங்குனி மாசம் ஜன்னலச் சாத்திப்புட்டு, கம்பளியப் போத்திக்கிட்டு உக்காருவீகளா சார்?"

"மாட்டேன்."

"பெறகு?"

பிறகு பல்பை அவர் மேஜையில் வைத்தேன். சரிசெய்கிற ஒவ்வொரு பல்பின் கழுத்திலும் அது செத்த காரணத்தை மார்க்கரால் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். 'சூடு' என்று இருக்கும், 'ஓவர் கரண்ட்' என்று இருக்கும், ஒரு பல்பில் 'எறும்பு' என்றுகூடப் பார்த்திருக்கிறேன். என் பல்பில் 'உரிமையாளர்' என்று எழுதினார். என் மனைவி அதைப் படிக்காமல் இருப்பதற்காக எழுத்து சுவர்ப் பக்கம் போகும்படி மாட்ட முயன்றேன். ஹோல்டர் ஒத்துழைக்கவில்லை.

மலிவு பல்பு ஏன் சீக்கிரம் சாகிறது என்று அவரை யாரும் கேட்கவேண்டியதில்லை. அவரே நம்மைக் கேட்டு, அவரே பதில் சொல்லுவார்.

"உள்ள ஒம்பது பேரு இருக்காக சார். இருவது பேரு பாக்க வேண்டிய வேலைய ஒம்பது பேருகிட்ட வாங்குறான். அந்தச் சூடு வெளிய போக அலுமினியம் வேணும்ல? அதுலயும் மிச்சம் பிடிச்சு, மெல்லிசா ஒரு தகடு, சுத்திப் பிளாஸ்டிக்கு. போதாததுக்கு அம்புட்டுப் பேரையும் ஒரே வரிசையில கோத்துட்டான். ஒருத்தன் செத்தா மொத்தமும் இருட்டு."

வேறு சிலர் இந்த மாதிரி பல்புகளில் செத்த பொட்டின் மேல் ஈயத்தைச் சொட்டவிட்டு, இரண்டு முனைகளையும் இணைத்துவிடுவார்கள். பல்பு உடனே எரியும். கரும்புள்ளியார் அதைச் செய்யவே மாட்டார். "செத்தவன் வேலையவும் இருக்குறவுக தலையில கட்டுறதா?" என்பார். இன்னொரு பல்பிலிருந்து உயிருள்ள பொட்டைப் பெயர்த்து வைப்பார். அதோடும் விடமாட்டார். உள்ளே போகும் கரண்டைத் தீர்மானிக்கக் கடுகளவில் இரண்டு ரெசிஸ்டர்கள் இருக்கும். அதில் ஒன்றைப் பிடுங்கிவிடுவார். கரண்ட் பாதியாகும், வெளிச்சமும் கூடவே இறங்கும். "இனிமே இதுக்குச் சாவே கெடையாது" என்று சொல்லிக் கையில் கொடுப்பார்.

நாலு வருஷத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பல்பு சாகவில்லை. எந்த வீட்டிலும் முகமும் தெரியவில்லை. வோல்டேஜ் குறைவாக வருகிறது என்று யாரோ புகார் கொடுத்து, மின்வாரியத்திலிருந்து ஒருவர் மீட்டரோடு வந்து வீடு வீடாகப் பார்த்தார். "வோல்டேஜ் சரியாத்தேன் இருக்கு. தெருதேன் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தப்பவில்லை. விடைத்தாளில் மதிப்பெண்ணைக் கூட்டும்போது, நான் போட்ட மூன்றை நானே எட்டு என்று வாசித்து ஒரு பையனைத் தேறவைத்துவிட்டேன். அவன் அப்பா தோட்டத்திலிருந்து ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டுவந்து வைத்து, "எல்லாம் உங்களாலதேன் சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்பது திராட்சை தீர்ந்த பிறகு தெரியவந்தது.

இத்தனைக்கும் நடுவில் அதிகம் கஷ்டப்பட்டவர் செல்வியக்கா, கரும்புள்ளியாரின் மனைவி. ஜாக்கெட் தைப்பதில் உத்தமபாளையம் வரை பெயர் வாங்கியவர். அவருடைய தையல் மெஷின் கணவரின் மேஜைக்கு எதிரே, அதே முன்னறையில், அதே சாகாவரம் பெற்ற பல்புக்குக் கீழே இருந்தது. ஊசி கோப்பதற்கு மட்டும் வாசலுக்கு எழுந்து போய், வெயிலில் கோத்துக்கொண்டு வருவார். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கல்யாணப் பெண்ணின் அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட்டை முழுக்கக் கரும்பச்சை நூலில் தைத்துவிட்டார். பெண் வீட்டார் முகூர்த்தத்துக்கு முதல் நாள் அதை வெயிலில் விரித்துப் பார்த்தார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து மொத்தத் தையலையும் பிரித்து, பொழுது இறங்குவதற்குள் மறுபடி தைத்துக் கொடுத்தார். மறுநாள் காலை ஒரு குட்டியானை வண்டி வந்தது. மெஷினை ஏற்றச் சொன்னார்.

"தேவதானப்பட்டிக்குப் போறேன் சார், எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றார் என்னிடம். "இவுக பல்பு நூறு வருசம் எரியட்டும். ஊசி கோக்குற கண்ணு எனக்கு இன்னும் பத்து வருசம் வந்தாப் பெருசு."

கரும்புள்ளியார் வாசலில் நின்றுகொண்டு, "நல்லாத்தான எரியிது" என்றார். அதற்குள் வண்டி தெரு முனையைத் தாண்டிவிட்டது.

அக்கா ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தார். மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வேளையும் பஸ் ஸ்டாப் ஓட்டலில் சாப்பிட்டார். வேலையில் கவனம் போனது. ஒரு பல்பின் கழுத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே என்னிடம் வந்தார்.

"போனப் போடுங்க சார். நான் போட்டா எடுக்க மாட்டேங்கிறா. நாலு பல்பு மாட்டுறேண்டு சொல்லுங்க. நாலும் சேந்தா நல்ல வெளிச்சந்தேன்."

போட்டேன். சொன்னேன். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"நாலு மாட்டுனா நாலு நெழல் விழும் சார். தைக்கிற எடத்துல என் கை நெழலே நாலா ஆடுனா நான் எதைத் தைக்க? ஒரு லைட்டு. முழுசா எரியணும். அம்புட்டுத்தேன். அதுவரைக்கும் நான் இங்கனதேன் இருப்பேன்."

"கடையில புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிரலாம்ல?" என்று நல்லெண்ணத்தில் கேட்டுவைத்தேன். கரும்புள்ளியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார். முன்னறைக்குள் நுழைந்தவன் கண் கூசி நின்றுவிட்டேன். அந்த வீட்டுச் சுவர் இளம்பச்சை நிறம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உத்தரத்திலிருந்து ஓர் அலுமினிய இட்லித் தட்டு, குழிகள் கீழே பார்க்கத் தொங்கியது. அதன் நடுவில் இருந்த சமதளத்தில் பல்பிலிருந்து எடுத்த விளக்குத் தகட்டைப் பசை தடவித் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்.

"முழுக் கரண்டு குடுக்கணும் சார். குடுத்தாச் சூடு. சூட்ட வாங்கிக்கிற அலுமினியம் வேணும். எந்தப் பல்புலயும் இம்புட்டு வராது. முந்தாநாளு காப்பி போடச் சமையக்கட்டுக்குப் போனேன், அலமாரியில இருந்து இது என்னையவே பாக்குது" என்றார். பிறகு குரலை இறக்கி, "ரெசிஸ்டர் ரெண்டையும் விட்டுவச்சிருக்கேன்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தட்டில் கரண்ட் ஏறுகிறதா என்று டெஸ்டர் வைத்து ஐந்து முறை பார்த்தார். ஆறாவது முறை என்னைத் தொடச் சொன்னார். தொட்டேன். காலையிலிருந்து எரிகிறது என்றார். தட்டில் இளஞ்சூடுதான் இருந்தது. துளை வழியாகக் காற்றும் போய் வந்தது. இட்லித் தட்டைக் கண்டுபிடித்தவர் இதை மனதில் வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார் என்று இயற்பியல் வாத்தியாராகிய எனக்கே தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம். தனியாகப் போகப் பயம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒயர் கூடையில் தட்டை நிமிர்த்தி வைத்து மடியில் பிடித்துக்கொண்டார். தேனியில் பஸ் மாறினோம். கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இட்லி வியாபாரமா?" என்றார். "லைட்டு" என்றார் கரும்புள்ளியார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

தேவதானப்பட்டியில் மச்சான் வீட்டுக் கூடத்தில் தையல் மெஷினுக்கு மேலே புதுசாகக் கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் இருந்தன. ஒன்று செத்திருந்தது, இன்னொன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. "வாங்கி ஒரு மாசந்தேன் மாப்ள ஆகுது, என்னாண்டே தெரியல" என்றார் மச்சான். கரும்புள்ளியார் அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவ்வளவு கஷ்டமான காரியத்தை அவர் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செத்த பல்பைக் கழற்றி, தட்டைத் தொங்கவிட்டு, சுவிட்சைப் போட்டார். செல்வியக்கா முதலில் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு வெளிச்சத்துக்கு மேலே பார்த்தார்.

"இது எங்கம்மா சீராக் குடுத்த இட்லித் தட்டுல்ல?"

"மூணாவது தட்டு. மத்த ரெண்டும் அங்கனதேன் இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கு ரெண்டு தட்டு போதாதாண்டு..."

அக்கா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு கறுப்புத் துணியை எடுத்து வைத்தார். கறுப்பு நூல். ஊசிக்கு நேரே குனிந்தார். கரும்புள்ளியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூல் ஒரே முறையில் ஊசிக்குள் போயிற்று.

"எம்புட்டு நாளைக்கு வரும் இது?" என்றார் அக்கா, நிமிராமலே.

கை பட்ட பல்புக்கெல்லாம் சாவே கிடையாது என்று சொன்ன மனிதர், மச்சானை வைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தார்.

"தெரியல செல்வி. முழுசா எரியிற லைட்டாச்சே. போனா, போன அன்னைக்கே சரி பண்ணித் தாறேன்."

"போயிக்கிட்டே இருந்தா?"

"தந்துக்கிட்டே இருப்பேன்."

அக்கா அண்ணனிடம் வண்டிக்குச் சொல்லச் சொன்னார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

எங்கள் தெரு இன்றைக்கும் மங்கல்தான். எதிர்வீட்டு முன்னறை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அந்த லைட் இதுவரை இரண்டு முறை போய்விட்டது. இரண்டு முறையும் அன்றைக்கே எரிந்தது. இப்படி ஒரு மனிதர் எதிர்வீட்டில் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.