கோபன்ஹேகனில் கன்னத்தில் போட்டுக்கொண்ட கதை

எனக்கு சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும். இந்த ஒரு நம்பிக்கையில்தான் என் மனைவிக்குக் கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பைத் தண்ணீரில் போட்டேன். (சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜத் தண்ணீர். உப்புக் கரிக்கும்.)

தர்ஷினி யாழ்ப்பாணத்துக்காரி. பன்னிரண்டு வயதில் சிட்னிக்கு வந்தவள். நான் திருச்சி. நாங்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் குடியிருக்கிறோம். பரமட்டாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் அடுத்தவர் வீட்டு வரவேற்பறைக்குத் திரைச்சீலை நிறம் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. ஆனால் அவள் மனசு முழுக்கக் கதிரைதான். (எங்கள் ஊரில் நாற்காலி. கல்யாணமான புதிதில் இதற்கே ஒரு சண்டை.) இரண்டு வருடமாக ஒரே ஒரு கதிரையை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்துகொண்டிருந்தாள்.

கோபன்ஹேகன் என்பது குப்பைத் தொட்டியைக்கூட யாரோ யோசித்து யோசித்து வடிவமைத்த ஊர். அங்கே உள்ள ஒரு சின்ன மரப்பட்டறைக்கு இவள் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நாள் பதில் வந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரலாம். கையால் வரைந்த படங்களைக் கொண்டு வர வேண்டும். பிடித்திருந்தால் மூன்று மாதம் அங்கேயே இருந்து அந்தக் கதிரையைச் செய்யலாம். அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு அவள் குசினிக்குள் (சமையலறைதான்) போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து என் அலுவலகம் என்னை இரண்டு வாரம் லண்டனுக்கு அனுப்பியது. நடுவில் ஒரு நீண்ட வார இறுதி வந்தது. அவளும் வந்து சேர்ந்துகொள்ள, கோபன்ஹேகன் போவதாக முடிவானது. பயணத் திட்டத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"டாக்ஸியில போவம். படங்கள் கிடக்குது," என்றாள் தர்ஷினி.

"கோபன்ஹேகன்ல டாக்ஸியா? சைக்கிள்ல சுத்தாதவன் அந்த ஊரைப் பார்த்ததாவே அர்த்தமில்ல," என்றேன். (இணையத்தில் எவனோ எழுதியிருந்ததைப் படித்து எனக்கு முந்தின நாள்தான் ஞானம் பிறந்திருந்தது.)

சிட்னியிலிருந்து என் சொந்த ஹெல்மெட்டைக் கொண்டு போயிருந்தேன். அங்கே ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் அபராதம். அதோடு வசந்த காலத்தில் மேக்பை என்றொரு கறுப்பு வெள்ளைப் பறவை சைக்கிள்காரன் மண்டையைக் குறிபார்த்துக் கொத்தும். அதை விரட்ட ஹெல்மெட்டில் சுற்றிலும், ஒயர் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டைகளை முள் முள்ளாக நிற்கும்படி கட்டிவிடுவார்கள். நான் மஞ்சள் நிறத்தில் கட்டியிருந்தேன். டென்மார்க்கில் மேக்பை கொத்துமா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவிழ்க்காமல் விட்டேன்.

வாடகைக் கடையில் இருந்த பெண் பொறுமையாக மூன்று விஷயம் சொன்னாள். வலது பக்கமாகப் போக வேண்டும். நிற்பதற்கு முன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் சிக்னல். மூன்றாவது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிரேக். நான் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே "ஆமா, ஆமா" என்று தலையாட்டினேன். சைக்கிளைப் பற்றி எனக்கே வகுப்பெடுக்கிறாளாம்.

"அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டனீங்களோ?" என்றாள் தர்ஷினி.

"கேட்டேன், கேட்டேன். அந்தப் படக் குழாயைக் குடு. நான் வச்சுக்கறேன். நீ ஓட்டறதுல கவனமா இரு."

அவள் அந்த நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கொடுத்துவிட்டாள்.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருச்சியில் பஸ்ஸில் போகும்போது மலைக்கோட்டை தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். மாதா கோயிலுக்கும் உண்டு, தர்காவுக்கும் உண்டு. எல்லாச் சாமியும் நமக்கு வேண்டியவர்கள்தான். சிட்னி வந்தும் விடவில்லை. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போகும்போது கோபுரம் கண்ணில் பட்டால் போதும், கை தானாகக் கிளம்பும். "கையை ஸ்டீரிங்கில வையுங்கோ" என்று தர்ஷினி ஒவ்வொரு முறையும் கத்துவாள்.

கோபன்ஹேகனில் திரும்பிய பக்கமெல்லாம் சர்ச்.

முதல் சர்ச் வந்தது. என் வலது கை கைப்பிடியை விட்டு எழுந்து கன்னத்தைத் தொட்டது. பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் காலைத் தரையில் ஊன்றி நிற்கிறார். என் வயதுதான் இருக்கும். கைப்பிடியில் பேக்கரிப் பை ஒன்று தொங்கியது. பாவம், சங்கிலி கழன்றுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் போனேன்.

இரண்டாவது சர்ச். கன்னம். சரக். அதே மனிதர்.

அடுத்த சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்று, ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார். "மன்னிக்க வேண்டும், கையை உயர்த்துகிறீர்கள், ஆனால் நிற்பதில்லை. நிற்கும் எண்ணம் இருக்கிறதா?"

"இல்லை, இல்லை, கடவுள்," என்று மேலே காட்டினேன்.

அவரும் மேலே பார்த்தார். பச்சை விளக்கு விழுந்தது.

தர்ஷினி இதற்குள் வெகுதூரம் முன்னால் போயிருந்தாள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போனவளாம். முதுகு நேராக, கையைச் சரியாகக் காட்டி, அந்த ஊர்க்காரி மாதிரியே போனாள். கேபிள் டைகளோடு வருகிறவனிடமிருந்து தள்ளிப் போவதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது சர்ச் பாலத்தின் இறக்கத்தில் வந்தது. சுருள் சுருளாகப் படி ஏறும் தங்கநிறக் கோபுரம், பார்த்ததும் மெய்மறந்தேன். கை உயர்ந்தது. இறக்கம் வேறு, காற்று வேறு. சின்ன வயசில் திருச்சியில் ஸ்டைலுக்காகப் பெடலைப் பின்னால் சுற்றி டிக் டிக் டிக் என்று சத்தம் எழுப்புவோமே, அந்த ஞாபகம் காலுக்கு வந்துவிட்டது. சுற்றினேன். டிக் வரவில்லை. சைக்கிள் ஆணி அடித்த மாதிரி நின்றது.

என் வாழ்க்கையில் முதல் முறையாக முறைப்படி கையைக் காட்டிவிட்டு நின்றேன். ஆனால் பின்னால் வந்த கறுப்புக் கோட்டுக்காரர் இந்த முறை நம்பவில்லை. பிறந்ததிலிருந்து சிக்னலை நம்பி வாழ்ந்த ஒரு டென்மார்க்காரருக்கு, நம்பாதே என்று பத்தே நிமிடத்தில் கற்றுக்கொடுத்த பெருமை என்னையே சேரும். முழு வேகத்தில் வந்து மோதினார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், பேக்கரிப் பை ஒரு பக்கம். முன் கூடையில் இருந்த குழாய் மட்டும் பாலத்துக் கம்பியைத் தாண்டிக் கால்வாய்க்குள் போய்ச் சேர்ந்தது.

எட்டிப் பார்த்தேன். மூடி கழன்று, குழாய் மெதுவாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய இரண்டு வருடம் அதற்குள் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாலத்தின் மறுமுனையில் தர்ஷினி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"நீ போ, நான் எடுத்துட்டு வர்றேன்," என்று கத்தினேன். அவள் திரும்பி மிதித்துப் போய்விட்டாள். கறுப்புக் கோட்டுக்காரரிடம் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டேன். அவர் கிழிந்த முழங்காலைத் தடவிக்கொண்டு, என் ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே சிதறியதைப் பொறுக்கத் தொடங்கினார். நான் கரைக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு பட்டறையில் நடந்ததை தர்ஷினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலாளி இன்னும் வரவில்லை என்று அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். பதினொன்றே காலுக்கு ஒருவர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டு. கிழிந்த முழங்கால்.

"தாமதத்துக்கு மன்னியுங்கள். வழியில் ஒரு பைத்தியம். தலையெல்லாம் மஞ்சள் முள். கடவுளைக் காட்டிவிட்டுப் பாலத்தில் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட மனிதரைத் தனியாக விட்டிருக்கிறார்களே, அவருக்கு வீட்டில் யாரும் இல்லையா?"

"பாவம், இல்லைப்போல," என்றிருக்கிறாள் என் மனைவி.

படங்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார். கூரியரில் வந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவள் முன்னால் தள்ளி, "அதுவரை இதில் வரையுங்கள்," என்றிருக்கிறார்.

கால்வாயில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த கயாக் படகுப் பெண்கள் இரண்டு பேர் புண்ணியத்தில் குழாய் கரைக்கு வந்தது. உள்ளே கதிரை இல்லை, நீல மை கரைந்த தண்ணீர்தான் இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கு ஓடினேன். கண்ணாடிக் கதவு வழியாக அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

தர்ஷினி எழுந்து வந்து கதவைத் திறந்தாள். சொட்டச் சொட்டக் குழாயை வாங்கிக்கொண்டாள். "தாங்க் யூ," என்றாள். கையில் ஒரு நாணயத்தை வைத்தாள். கதவைச் சாத்திவிட்டாள். ஏழு வருடம் குடும்பம் நடத்திய புருஷனுக்கு டிப்ஸ். நான் ஒரு மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு அந்த மூன்று மாதம் கிடைத்தது. குழாயில் இருந்ததை விட, பட்டறையில் அவசரத்தில் வரைந்ததுதான் நன்றாக இருந்ததாம். இரண்டு வருடமாகத் தேவையில்லாத கோடுகளைச் சேர்த்துக்கொண்டே போயிருந்தேன் என்று அவளே சொன்னாள். (இதில் என் பங்கைப் பற்றி இன்றுவரை யாரும் வாயே திறக்கவில்லை.)

"அந்தாளுக்கு நீங்கள் ஆரெண்டு தெரிஞ்சிருக்காது, என்ன?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"சான்ஸே இல்ல. ஹெல்மெட்டை மறைச்சிட்டேன்ல."

அறைக்கு வந்து பார்த்தபோது ஹெல்மெட்டில் ஒரு மஞ்சள் டையைக் காணவில்லை. மோதியதில் உடைந்து விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் நான் சிட்னியில், பென்டில் ஹில் கடைகளில் பரோட்டா தின்று உயிர் வாழ்ந்தேன். அவள் திரும்பி வந்த சில வாரங்களில் கதிரை கப்பலில் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தோம். அழகென்றால் அப்படி ஓர் அழகு. தடவிக்கொண்டே வந்தவள் பின்னங்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அங்கே நுனி உடைந்த மஞ்சள் கேபிள் டை ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. கடிதம் எதுவும் இல்லை.

மூன்று மாதமும் நான் யாரென்று தெரிந்தே அந்த மனிதர் இவளிடம் தினமும் காலை வணக்கம் சொல்லியிருக்கிறார்.

டையை வெட்ட தர்ஷினி சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதென்ன என்று கேட்கிறார்கள். அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள், நான் தேநீர் போட எழுந்து போய்விடுவேன். திரும்பி வந்து அந்தக் கதிரையில் உட்காரப் போனால் என் மாமியார் விடுவதில்லை. "தம்பி, கையைத் தூக்கிக் காட்டிப்போட்டு இருங்கோ. பின்னால ஆரும் வருவினம்."

நானும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன்.