மாண்புமிகு கல்

கெம்பனகட்டிக்காரர்களுக்கு ஆண்டவன் அள்ளிக் கொடுத்தவை வெயில், மிளகாய், சிறுநீரகக் கல். மிளகாயை வெளியூருக்கு அனுப்பிவிடுவோம். மற்ற இரண்டையும் நாங்களே வைத்துக்கொண்டு அனுபவிப்போம்.

எங்கள் துயரம் சுகாதாரத் துறையின் காதுக்கு எட்டியது. கத்தி வைக்காமல், ஒலி அலையாலேயே கல்லை உடைக்கும் நவீன இயந்திரம் ஒன்றை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள். கூடவே ஓர் உத்தரவும் வந்தது. மாண்புமிகு அமைச்சர் பொத்தானை அழுத்தித் தொடங்கி வைக்கும்வரை அதை யாருக்கும் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் அமைச்சர் திறந்து வைப்பது பழைய இயந்திரமாகிவிடும். மேலும், திறப்பு விழாவன்று அனைவர் முன்னிலையிலும் ஒரு கல் உடைக்கப்பட வேண்டும்.

ஆகவே தலைமை மருத்துவர் ஹிரேமட் தகுதியான கல்லைத் தேடத் தொடங்கினார். வந்தவற்றில் சில பொடி, சில பாறை. ஒன்று கச்சிதமாக இருந்தது. ஆனால் அதை வைத்திருந்தவர் எதிர்க்கட்சி.

அப்போதுதான் வீரபத்ரப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிளகாய் மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் இங்கே கூவினால் அடுத்த ஊர் வியாபாரி விலை கேட்பான் என்பார்கள். அன்று அந்தக் குரல் முழுவதும் 'ஐயோ' என்ற ஒரே சொல்லில் செலவாகிக்கொண்டிருந்தது. மனைவி நீலவ்வா அவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த ஹிரேமட்டின் முகம் மலர்ந்தது.

"ஆகா, என்ன அருமையான கல்லு! வாழ்த்துகள் வீரபத்ரப்பா!"

"டாக்டரே, உசுரு போகுது. உடைச்சு விடுங்க."

"இன்னிக்கே உடைச்சிட்டா அமைச்சர் வந்து எதை உடைப்பாரு?"

"அவரு எப்ப வருவாரு?"

"வியாழக்கிழமை. அதுவரைக்கும் கல்லு பத்திரம்."

வீரபத்ரப்பாவுக்குத் தனி அறை கிடைத்தது. வலி கூடும்போது ஊசி போட்டார்கள். ஊசி வலியைத்தான் குறைக்கும், கல்லைக் குறைக்காது என்று உறுதி செய்துகொண்ட பிறகே போட்டார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. நிறையக் குடித்தால் கல் தானாக வெளியேறிவிடும் அபாயம் இருந்தது. வாசலில் காவலாளி ஒருவர் உட்கார்ந்தார். நீலவ்வா மோர் கொண்டுவந்தபோது சொம்பைத் தடுத்தார்.

"ஏன் அண்ணா, கல்லு இருக்கறவங்க தண்ணி நிறையக் குடிக்கணும்னு உங்க சுவத்துலயே எழுதியிருக்கே?"

"அது பொதுமக்களுக்கும்மா. இவரு பயனாளி."

வியாழக்கிழமை வந்தது, அமைச்சர் வரவில்லை. கட்சியில் ஏதோ நெருக்கடி. அடுத்த வியாழன் என்றார்கள். அதற்குள் வீரபத்ரப்பாவின் முகம் வற்றி, உதடு வெடித்து, இடுப்பு வலி தொடை வரை இறங்கியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் கெட்டு ஒரு வருஷம் படுத்த படுக்கையாக இருந்து செத்த தன் அண்ணனின் நினைப்பு வந்துவிட்டது நீலவ்வாவுக்கு. நேராக ஹிரேமட்டின் அறைக்குப் போனாள்.

"நான் அவரை ஹூப்ளி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் சார்."

"அது எப்படிம்மா? கல்லோட விவரம் தலைநகரத்துக்குப் போயாச்சு. அழைப்பிதழ்ல அச்சடிச்சாச்சு. மாவட்டத்தை விட்டு வெளிய போக மேலிடத்து அனுமதி வேணும்."

"யாருக்கு? என் வீட்டுக்காரருக்கா, கல்லுக்கா?"

"வீட்டுக்காரர் தாராளமா போகலாம்மா. கல்லுதான் போகக் கூடாது."

அவள் கணவரிடம் ஓடினாள். "எழுந்திரிங்க, பின்வாசல் வழியா போயிடலாம்."

வீரபத்ரப்பா முனகினார். "விடு நீலா. பத்திரிகைக்காரங்க போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. மண்டி சேட்டே வந்து மாலை போட்டாரு. இந்த நேரத்துல ஓடிப்போனா ஊரு என்ன சொல்லும்?"

"உங்களுக்குக் கல்லு இடுப்புலயா, மண்டையிலயா?" என்று கேட்டுவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, முந்தானையை மோரில் நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். காவலாளி பார்க்காத மாதிரி இருந்தார்.

புதன்கிழமை ஒத்திகை. இயந்திரத்துக்கென்றே மருத்துவமனை கட்டிய புதுக் கட்டடம் ஊருக்கு வெளியே. அமைச்சர் வருகையை முன்னிட்டுப் போடப்படவிருந்த சாலை, அதை முன்னிட்டே தோண்டிப் போடப்பட்டிருந்தது. பொதுப்பணித் துறையின் ஜீப்பில் வீரபத்ரப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். போய் இறங்கியதும் கழிவறைக்கு ஓடினார். உள்ளேயிருந்து ஓர் அலறல். அப்புறம் நிசப்தம். வெளியே வந்தவரின் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத சிரிப்பு. உள்ளங்கையில் கல்.

ஹிரேமட் நாற்காலியில் சரிந்தார். "யோவ்! ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"நான் என்ன செய்யட்டும் டாக்டரே? அதுவா வந்துடுச்சு."

நீலவ்வா கல்லைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மூட்டையைக் கட்டத் தொடங்கினாள். "குணமாயிடுச்சு. நாங்க கிளம்பறோம் சார்."

"இது அங்கீகரிக்கப்படாத குணம்மா!" என்றார் ஹிரேமட். "பொதுப்பணித் துறை ஜீப்பு, பொதுப்பணித் துறை பள்ளம். வெளிய தெரிஞ்சா இயந்திரத்தையே அவங்க துறைக்கு மாத்திடுவாங்க. நாளைக்கு முறைப்படி குணமாக்கி அனுப்பறேன்."

"இல்லாத கல்லை எப்படி சார் உடைப்பீங்க?"

ஹிரேமட் சற்று யோசித்தார். முகம் தெளிந்தது. "அதுதாம்மா சுலபம்."

மறுநாள் வியாழக்கிழமை அமைச்சர் வந்தார். சால்வை, குத்துவிளக்கு, பொத்தான். இயந்திரம் டக் டக் என்றது. உடனே ஸ்கேன் எடுத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். கல் இல்லை; துகள்கூட இல்லை. கரகோஷம். அமைச்சர் மைக்கை வீரபத்ரப்பாவிடம் கொடுத்தார்.

மைக் கைக்கு வந்ததும் ஏலக்காரருக்குத் தொழில் நினைவு வந்துவிட்டது. "வலி ஒரு தரம் வந்துச்சு! ரெண்டு தரம் வந்துச்சு! ஐயா கை பட்டுச்சு, மூணாந்தரம் வரவேயில்லை!"

நீலவ்வா தலையில் அடித்துக்கொண்டாள். அது கைதட்டலில் கலந்துவிட்டது. இயந்திரத்தின் வெற்றி விகிதம் நூறு சதவீதம் என்றும், மாநிலத்திலேயே இதுதான் முதலிடம் என்றும் அமைச்சர் அறிவித்தார்.

மறுநாள் காலை, ஊரில் கல் வைத்திருந்தவர்கள் எல்லாம் புதுக் கட்டடத்தின் வாசலில் வந்து நின்றோம். ஆம், நானும்தான். இயந்திரம் பட்டுத் துணி போர்த்தி, மாலையோடு நின்றது. ஹிரேமட் கைகூப்பினார்.

"நிலைமையைப் புரிஞ்சுக்கணும். இப்ப நூறு சதவீதம். உங்கள்ல ஒருத்தருக்கு வச்சு உடையலைன்னு வையுங்க, அப்படியே ஐம்பதுக்கு இறங்கிடும். முதலிடம் போயிடும். ஊரு மானம் உங்க கையில."

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். வேறு யாரோ அவர்களை அதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டோம்.

ஹூப்ளி பஸ்ஸில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் பரிவோடு விசாரித்தார்.

"எந்த ஊரு உங்களுக்கு?"

"கெம்பனகட்டி."

"அட, நூறு சதவீத மெஷின் இருக்கற ஊரா? எங்க ஊருக்கும் ஒண்ணு வேணும்னு மனு குடுத்திருக்கோம். உண்மையாவே அவ்வளவு நல்ல மெஷினா?"

வலியிலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தவறினதில்லை."

"அப்ப நீங்க எதுக்கு ஹூப்ளி போறீங்க?"

"நல்லா இருக்கே!" என்றேன். "என் ஒரு கல்லுக்காக ஊரு பேரைக் கெடுக்கச் சொல்றீங்களா?"